சென்டார்: திரவ ஹைட்ரஜனில் பறந்த முதல் மேலடுக்கு ராக்கெட் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்டார் என்றால் என்ன?

சென்டார் ஒரு மேலடுக்கு ராக்கெட். தரையிலிருந்து தானே கிளம்பாது. அட்லஸ் போன்ற ஒரு பெரிய ராக்கெட்டின் தலையில் உட்கார்ந்து போகும். அட்லஸ் தன் எரிபொருளைத் தீர்த்துக் கழன்று விழுந்ததும், வெற்றிடத்தில் தன் இரண்டு எஞ்சின்களை மூட்டி மிச்ச வேலையை முடிக்கும். விட்டம் சுமார் 3 மீட்டர், நீளம் சுமார் 9 மீட்டர். எரிபொருள் திரவ ஹைட்ரஜன், அதை எரிக்க திரவ ஆக்சிஜன்.

1963 நவம்பர் 27 அன்று அது விண்வெளியில் எரிந்து காட்டியது. ஹைட்ரஜன் ராக்கெட் எஞ்சின் ஒன்று பறக்கும்போது மூண்டு ஒழுங்காக ஓடியது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை. கென்னடி சுடப்பட்டு ஐந்தே நாள் ஆகியிருந்தது. அந்த வாரம் அமெரிக்கப் பத்திரிகைகளில் ராக்கெட் செய்திக்கு எவ்வளவு இடம் கிடைத்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

மேலடுக்கு எதற்கு? கீழே இருக்கும் ராக்கெட்டையே பெரிதாக்கினால் போதாதா?

போதாது. அட்லஸ் அடிப்படையில் ஓர் ஏவுகணை. அணுகுண்டைக் கண்டம் விட்டுக் கண்டம் எறிவதற்காகச் செய்தது. எரிபொருள் தீர்ந்த பிறகும் அதன் காலி டேங்கும் கனமான எஞ்சின்களும் கூடவே வந்துகொண்டிருக்கும். அந்தச் சுமையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒரு சின்ன, இலேசான ராக்கெட்டோடு மேலே போனால்தான் நிலவுக்கோ செவ்வாய்க்கோ தேவையான வேகம் வரும். கடைசி அடுக்கில் ஒரு கிலோ குறைத்தால் அந்த ஒரு கிலோவும் அப்படியே விண்கலத்துக்குக் கிடைக்கும். கீழடுக்கில் ஒரு கிலோ குறைத்தால் அந்த அளவு லாபம் வராது. அதனால் மேலடுக்கு செய்கிறவர்கள் எடை விஷயத்தில் மகா கஞ்சர்களாக இருப்பார்கள்.

சென்டாருக்கு முன்பே அஜீனா என்ற மேலடுக்கு அட்லஸோடு பறந்துகொண்டிருந்தது. நல்ல ராக்கெட், நிறைய வேலை செய்தது. ஆனால் அட்லஸும் அஜீனாவும் சேர்ந்து நிலவுக்கு அனுப்பிய ரேஞ்சர் 7 விண்கலத்தின் எடை சுமார் 366 கிலோ. அட்லஸும் சென்டாரும் அனுப்பிய சர்வேயர் 1 ஏறக்குறைய 1,000 கிலோ. கீழே இருப்பது கிட்டத்தட்ட அதே அட்லஸ்தான். வித்தியாசம் பெரும்பாலும் மேலே எரிந்த எரிபொருளில் இருந்து வந்தது.

ஹைட்ரஜனில் அப்படி என்ன இருக்கிறது?

ராக்கெட் பின்னால் தள்ளும் வாயு எவ்வளவு வேகமாகப் போகிறதோ அவ்வளவு பலன். மூலக்கூறு இலேசாக இருந்தால் அதே வெப்பத்தில் வேகமாக ஓடும். ஹைட்ரஜனைவிட இலேசான பொருள் கிடையாது. மண்ணெண்ணெயும் ஆக்சிஜனும் சேர்ந்து தருவதைவிட, அதே எடை ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் 35 முதல் 40 சதவீதம் வரை கூடுதல் உந்துதல் தரும். ரஷ்ய ஆசிரியர் சியோல்கோவ்ஸ்கி 1903லேயே இந்தக் கலவையை எழுதி வைத்துவிட்டார்.

எழுதுவது சுலபம். திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரியில்தான் திரவமாக இருக்கும். ஒரு கன மீட்டர் திரவ ஹைட்ரஜனின் எடை 71 கிலோதான், தண்ணீரில் பதினான்கில் ஒரு பங்கு. அதனால் டேங்க் பெரிதாக வேண்டும். பெரிதானால் எடை கூடும். எடை கூடினால் கிடைத்த லாபம் போய்விடும். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை வழியாகக்கூட ஹைட்ரஜன் கசியும். கசிந்து காற்றோடு கலந்தால் ஒரு சிறு பொறி போதும். வெயில் பட்டாலே கொதிக்க ஆரம்பிக்கும். அந்தக் குளிரில் காற்றே உறைந்து குழாய்களில் ஒட்டிக்கொள்ளும். இத்தனை பெரிய இம்சையை ராக்கெட்டில் ஏற்றலாம் என்று 1950களில் நம்பியவர்கள் மிகச் சிலர்.

இது யாருடைய யோசனை?

கிராஃப்ட் எரிக்கே. 1917ல் பெர்லினில் பிறந்தவர். போர்க்காலத்தில் ஜெர்மனியின் ராக்கெட் தளமான பெய்னமுண்டேயில் வால்டர் தீல் என்ற எஞ்சின் நிபுணரிடம் வேலை பார்த்தவர். போர் முடிந்ததும் மற்ற ஜெர்மானியப் பொறியாளர்களோடு அமெரிக்கா போய், ராக்கெட் நிபுணர் வான் பிரவுனின் கூட்டத்தை விட்டு விலகி, சான் டியேகோவில் இருந்த கான்வேர் நிறுவனத்தில் சேர்ந்தார். அட்லஸ் செய்துகொண்டிருந்த நிறுவனம் அதுதான். ஜெனரல் டைனமிக்ஸின் ஒரு பிரிவு.

1957ல் ஸ்புட்னிக் பறந்த பிறகு, அட்லஸின் மேல் ஒரு ஹைட்ரஜன் அடுக்கு வைக்கலாம் என்று எரிக்கே அரசிடம் போனார். 1958 ஆகஸ்டில் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பான ஆர்ப்பா ஒப்பந்தம் கொடுத்தது. மொத்தம் ஆறு பறப்பு.

ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. அட்லஸ் ஏவுகணை வேலைக்கு இடைஞ்சல் வரக்கூடாது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் நடைமுறையில் அதன் பொருள், கருவி, ஆள், சோதனை மேடை எல்லாவற்றிலும் சென்டார் இரண்டாம் பந்தியில் உட்கார வேண்டும் என்பதுதான். பின்னால் வந்த பல தொல்லைகளின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. ஹைட்ரஜனை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போவது சரியில்லை.

எரிக்கே 1984ல் இறந்தார். அவர் அஸ்தியில் ஒரு சிட்டிகை 1997ல் பெகாசஸ் ராக்கெட்டில் சுற்றுப்பாதைக்குப் போனது.

எஞ்சின் எங்கிருந்து வந்தது?

இந்தக் கதையின் ருசியான பகுதி இது.

1956ல் அமெரிக்க விமானப்படை சன்டான் என்ற ரகசியத் திட்டத்தைத் தொடங்கியது. மிக உயரத்தில் பறந்து சோவியத் நாட்டை வேவு பார்க்க, ஹைட்ரஜனில் ஓடும் ஒரு விமானம் செய்ய நினைத்தார்கள். விமானத்தை லாக்ஹீடில் கெல்லி ஜான்சன் வடிவமைத்தார். எஞ்சின் பொறுப்பு பிராட் அண்ட் விட்னி நிறுவனத்துக்கு.

அந்த எஞ்சினைச் சோதிக்க நிறைய திரவ ஹைட்ரஜன் வேண்டும். அவ்வளவு ஹைட்ரஜன் செய்யும் ஆலை எங்கும் இல்லை. எனவே ஃபுளோரிடாவில் வெஸ்ட் பாம் பீச் அருகே சதுப்பு நிலத்தில் ஆலையைக் கட்டினார்கள். ஊர் கேட்டால் என்ன சொல்வது? உரத் தொழிற்சாலை என்று சொன்னார்கள். ஏபிக்ஸ் என்று ஒரு ஊர்ப்பெயரையே உண்டாக்கினார்கள்.

விமானம் பறக்கவேயில்லை. எவ்வளவு எரிபொருள் ஏற்றினாலும் போதுமான தூரம் போக முடியாது என்று ஜான்சனே சொல்லிவிட்டார். திட்டம் மூடப்பட்டது. ஆனால் ஹைட்ரஜனை பம்ப் செய்யத் தெரிந்த பொறியாளர்கள் இருந்தார்கள், சோதனை மேடை இருந்தது, ஆலையும் இருந்தது. ஆர்ப்பா இதைப் பார்த்துத்தான் சென்டார் எஞ்சினை பிராட் அண்ட் விட்னிக்குக் கொடுத்தது. ராக்கெட் எஞ்சினே செய்திராத ஒரு விமான எஞ்சின் கம்பெனி அது. 1959 ஜூலையில் முதல் எஞ்சின் எரிந்தது. அதுதான் ஆர்எல்10.

ஆர்எல்10 எப்படி வேலை செய்கிறது? ஏன் இவ்வளவு புகழ்?

எஞ்சினுக்குள் எரிபொருளைத் தள்ள பம்ப் வேண்டும். பம்பைச் சுற்ற டர்பைன் வேண்டும். பெரும்பாலான எஞ்சின்களில் டர்பைனைச் சுற்றுவதற்காகத் தனியாகக் கொஞ்சம் எரிபொருளை எரித்துச் சூடான வாயு தயாரிப்பார்கள். ஆர்எல்10ல் அது இல்லை. குளிர்ந்த ஹைட்ரஜன் எரியறையின் சுவரில் இருக்கும் மெல்லிய குழாய்கள் வழியாக ஓடும். சுவரைக் குளிர்விக்கும், தான் சூடாகி வாயுவாகும். அந்த வாயு டர்பைனைச் சுற்றிவிட்டு, பிறகு எரியறைக்குள் போய் எரியும். ஒரு சொட்டுகூட வீணாவதில்லை. டர்பைனில் நெருப்பு இல்லை, அதனால் அது கருகிப்போகும் பயமும் குறைவு.

ஆக்சிஜன் பம்பைச் சுற்றுவதற்குத் தனி டர்பைன் வைக்காமல் பல்சக்கரங்களால் இணைத்திருந்தார்கள். அந்தக் குளிரில் மசகு எண்ணெய் கல்லாகிவிடும். எண்ணெயே இல்லாமல், ஹைட்ரஜனின் குளிர்ச்சியில் அந்தச் சக்கரங்கள் ஓடின.

ஓர் எஞ்சினின் உந்துவிசை 15,000 பவுண்டு, அதாவது சுமார் 6.8 டன். பெரிய எண் இல்லை. ஆனால் விண்வெளியில் அணைத்துவிட்டு மறுபடி மூட்டக்கூடிய எஞ்சின் இது.

டேங்கை பலூன் என்கிறார்களே, உண்மையிலேயே பலூனா?

கிட்டத்தட்ட. அட்லஸை வடிவமைத்த பெல்ஜியத்துக்காரர் கரேல் போசார்ட்டின் யோசனை அது. டேங்குக்குள் எலும்புக்கூடு போல உத்தரங்கள் வைக்காமல், மெல்லிய துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் உருளை செய்து, உள்ளே அழுத்தத்தை ஏற்றி நிறுத்துவது. சென்டாரின் தகடு அரை மில்லிமீட்டர்கூட இல்லை. திறக்காத குளிர்பான டின்னைக் கையால் நசுக்கிப் பாருங்கள். பிறகு காலியான டின்னை நசுக்கிப் பாருங்கள், விஷயம் புரிந்துவிடும். அழுத்தம் போனால் ராக்கெட் தன் எடையிலேயே மடங்கிவிடும். 1963ல் வாண்டன்பெர்க் தளத்தில் ஓர் அட்லஸ் அப்படித்தான் மேடையிலேயே சரிந்தது.

ஹன்ட்ஸ்வில்லில் இருந்த நாசாவின் மார்ஷல் மையத்தில் வான் பிரவுனோடு வேலை பார்த்த ஜெர்மானியர்களுக்கு இது பிடிக்கவேயில்லை. பாலம் கட்டுவது போல உறுதியாகக் கட்டிப் பழகியவர்கள் அவர்கள். அவர்களில் ஒருவரிடம் போசார்ட் ஒரு சம்மட்டியைக் கொடுத்து, அழுத்தம் ஏற்றிய டேங்கை அடிக்கச் சொன்னாராம். டேங்கில் ஒரு கீறல்கூட விழவில்லை, சம்மட்டிதான் எகிறித் திரும்பியது. அதற்குப் பிறகும் அவர்கள் மனம் மாறவில்லை.

சென்டாரின் டேங்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. எடையைக் குறைக்க ஹைட்ரஜன் அறைக்கும் ஆக்சிஜன் அறைக்கும் நடுவே ஒரே தடுப்புச் சுவர்தான். ஒரு பக்கம் மைனஸ் 183, மறு பக்கம் மைனஸ் 253. ஆக்சிஜனின் அந்த மைனஸ் 183 டிகிரியே ஹைட்ரஜனுக்கு அடுப்பு போல. நடுவில் இரண்டு தகடுகள், அவற்றுக்கிடையே வெற்றிடம் என்று செய்திருந்தார்கள். 1961ல் பார்த்தால் பற்றவைப்புகளில் நுண்ணிய கசிவு. ஹைட்ரஜன் உள்ளே போய் வெற்றிடத்தைக் கெடுத்தது, ஹைட்ரஜன் கணக்குக்கு மேல் கொதித்து வெளியேறியது. கண்டுபிடித்துச் சரிசெய்யவே மாதங்கள் ஓடின.

தரைச் சோதனையில் எஞ்சின் வெடித்ததே, ஏன்?

எஞ்சினைப் படுக்கவைத்துச் சோதித்தபோதெல்லாம் ஒழுங்காக எரிந்தது. ஆனால் ராக்கெட்டில் அது நிமிர்ந்துதானே இருக்கும்? 1960 நவம்பரில் நிமிர்த்தி வைத்து எரித்தார்கள், வெடித்தது. இயக்கியவர்களின் தவறு என்று நினைத்து மேடையைச் சரிசெய்து, 1961 ஜனவரியில் மறுபடி முயன்றார்கள். மறுபடி வெடித்தது.

காரணம் எளிமையானது, அதனாலேயே எரிச்சலூட்டுவது. நிமிர்த்தி வைத்ததும் புவியீர்ப்பு ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலக்கும் விதத்தை மாற்றிவிட்டது. பற்றவைக்கும் தீப்பொறி இருக்கும் இடத்தில் போதுமான ஆக்சிஜன் இல்லை. எனவே பற்றவில்லை, கலவை மட்டும் சேர்ந்துகொண்டே போனது, கடைசியில் ஒரேயடியாக வெடித்தது. பொறி இருக்கும் இடத்துக்கே ஆக்சிஜனை நேரடியாகக் கொண்டுவந்ததும் பிரச்சினை தீர்ந்தது. படுக்கையில் கிடைத்த நல்ல முடிவுகளையெல்லாம் நம்பியிருந்ததற்கு இரண்டு வெடிப்புகள் விலை.

முதல் பறப்பு என்ன ஆனது?

1962 மே 8, கேப் கனாவெரல். முதல் திட்டப்படி 1961லேயே பறந்திருக்க வேண்டியது. கிளம்பி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சென்டாரைச் சுற்றி வெப்பக் காப்புக்காக மாட்டியிருந்த பலகைகள் காற்றின் வேகத்தில் பிய்ந்தன. வெளியே தெரிந்த மெல்லிய டேங்க் சூடாகிக் கிழிந்தது, ஹைட்ரஜன் பற்றிக்கொண்டது. ராக்கெட் தீப்பந்தாகி விழுந்தது. எஞ்சின் மூட்டப்படவே இல்லை. அதனால் ஹைட்ரஜன் எஞ்சின் விண்ணில் ஓடுமா என்ற கேள்விக்கு அன்றும் பதில் கிடைக்கவில்லை.

அந்த மாதமே அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று விசாரணைக்கு உட்கார்ந்தது.

வான் பிரவுனே சென்டாரை நிறுத்தச் சொன்னார் என்பது உண்மையா?

உண்மை. 1959 ஜூலையில் சென்டார் நாசா கைக்கு வந்தது. பிறகு மேற்பார்வை மார்ஷல் மையத்துக்கு, அதாவது வான் பிரவுனுக்குப் போனது. அவர் கவனம் முழுவதும் நிலவுப் பயணத்துக்கான சாட்டர்ன் ராக்கெட்டில். சென்டாரோ இன்னொரு கம்பெனியின் குழந்தை, பிடிக்காத பலூன் டேங்க் வேறு. மேற்பார்வை என்று பெயர், ஈடுபாடு குறைவு. 1962ல், சென்டாரை விட்டுவிட்டு சாட்டர்ன் மேல் அஜீனாவை வைத்துக்கொள்ளலாம் என்று அவர் பரிந்துரைத்தார். சர்வேயர் விண்கலத்தைக் கவனித்துக்கொண்ட ஜேபிஎல் ஆய்வகமும் அதே பக்கம் சாய்ந்தது.

அதற்காக அவரை ஹைட்ரஜனின் எதிரி என்று சொல்ல முடியாது. 1959 டிசம்பரில் ஏப் சில்வர்ஸ்டீன் தலைமையிலான குழு, சாட்டர்னின் மேலடுக்குகள் ஹைட்ரஜனில்தான் ஓட வேண்டும் என்று முடிவு செய்தபோது, தயங்கித் தயங்கியாவது ஒத்துக்கொண்டார். இருந்தாலும் அமெரிக்கா நிலவுக்குப் போனது என்றாலே எல்லாப் புகழையும் வான் பிரவுன் கணக்கில் வரவு வைக்கும் பழக்கம் நம் பத்திரிகைகளுக்கும் உண்டு. ஹைட்ரஜன் விஷயத்தில் மாலை சில்வர்ஸ்டீன் கழுத்துக்குத்தான் போக வேண்டும்.

சில்வர்ஸ்டீன் அப்படி என்ன செய்தார்?

அவர் கிளீவ்லாந்தில் இருந்த லூயிஸ் ஆய்வு மையத்தின் இயக்குநர். இன்று கிளென் மையம் என்று பெயர். அங்கே 1950களிலிருந்தே திரவ ஹைட்ரஜனோடு பழகியிருந்தார்கள். 1957ல் ஒரு பி-57 விமானத்தின் எஞ்சினை நடுவானில் ஹைட்ரஜனில் ஓட்டிப் பார்த்தவர்கள். 1962 அக்டோபரில் சென்டாரை அவரிடம் மாற்றினார்கள்.

அவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் இந்த ராக்கெட்டையே தன் முழு வேலையாக எடுத்துக்கொண்ட ஆட்கள் முதல் தடவையாக வந்தார்கள். லூயிஸ் பொறியாளர்கள் கான்வேரின் வரைபடங்களைப் பாகம் பாகமாகத் திரும்பச் சரிபார்த்தார்கள். பழைய காற்றுச் சுரங்கம் ஒன்றை வெற்றிட அறையாக மாற்றி, அதற்குள் மூக்குக்கூம்பு ஒழுங்காகப் பிரிகிறதா என்று சோதித்தார்கள். முதல் சர்வேயர்களுக்கு, நடுவில் அணைத்து மறுபடி மூட்டும் வித்தை வேண்டாம். ஒரே எரிப்பில் நேராக நிலவை நோக்கிப் போகலாம் என்று வேலையை எளிமையாக்கினார்கள். பொறுப்பேற்று ஓராண்டு கழித்து, 1963 நவம்பரில், இரண்டாவது சென்டார் பறந்து வென்றது.

அதற்குப் பிறகு பிரச்சினை இல்லையா?

இருந்தது, நிறையவே.

1964 ஜூன் 30, மூன்றாவது பறப்பு. ஓர் எஞ்சினின் ஹைட்ராலிக் பம்பின் தண்டு உடைந்தது. எஞ்சினைத் திருப்ப முடியாமல் ராக்கெட் உருளத் தொடங்கி, சீக்கிரமே அணைந்தது.

1964 டிசம்பர் 11, நான்காவது. முதல் எரிப்பு நன்றாக நடந்தது. பிறகு எஞ்சினை அணைத்து, மிதந்தபடி போய் மறுபடி மூட்ட வேண்டும். எடையற்ற நிலையில் திரவத்துக்கு மேல், கீழ் என்று எதுவும் இல்லை. எஞ்சின் நின்ற அதிர்ச்சியில் ஹைட்ரஜன் டேங்கின் முன்பக்கம் எகிறியது. வாயுவை மட்டும் வெளியேற்ற வேண்டிய துளை வழியாகத் திரவமும் சேர்ந்து பீய்ச்சியது. அந்தப் பீய்ச்சலே ராக்கெட்டைத் தலைகுப்புறச் சுழற்றியது. எரிபொருள் எஞ்சின் பக்கம் வந்து சேரவில்லை, இரண்டாம் எரிப்பு நடக்கவில்லை. இதை எந்தத் தரைச் சோதனையும் முன்கூட்டிக் காட்டியிருக்க முடியாது. கிளீவ்லாந்தில் உயரமான கோபுரத்திலிருந்து திரவக் கலன்களைக் கீழே விழவிட்டுப் படம் பிடித்தார்கள். அந்தச் சில விநாடி எடையின்மைதான் அவர்களுக்குக் கிடைத்தது. பிறகு டேங்குக்குள் அலையைத் தடுக்கும் தட்டுகள் வைத்தார்கள். மிதக்கும் நேரம் முழுவதும் சின்ன உந்திகள் மெல்லத் தள்ளிக்கொண்டே இருந்து, திரவத்தை அடியில் உட்காரவைக்கும்படி மாற்றினார்கள்.

1965 மார்ச் 2, ஐந்தாவது. இதில் சென்டார்மேல் பழியே இல்லை. கிளம்பிச் சில அடி எழும்பியதும் அட்லஸின் எரிபொருள் வால்வு மூடிக்கொண்டது. முழு எரிபொருளோடு ராக்கெட் மேடைமேலேயே உட்கார்ந்து வெடித்தது. 36ஏ மேடை நாசமானது. நல்லவேளை, பக்கத்திலேயே 36பி கட்டிமுடிக்கும் நிலையில் இருந்தது. ஆகஸ்டில் அங்கிருந்து ஆறாவது பறந்து வென்றது.

1966 ஏப்ரலில் மறுபடி இரண்டாம் எரிப்புச் சோதனை. சின்ன உந்திகளுக்கான ஹைட்ரஜன் பெராக்சைடு கசிந்துபோனதால் அதுவும் பாதியில் போனது. அந்த ஆண்டு அக்டோபரில்தான் இரண்டு எரிப்பும் ஒழுங்காக நடந்தன.

சர்வேயர் என்ன ஆனது?

1966 மே 30 அன்று கிளம்பிய சர்வேயர் 1, ஜூன் 2ஆம் தேதி நிலவில் மெதுவாக இறங்கியது. அமெரிக்காவின் முதல் மென்தரையிறக்கம். சோவியத்தின் லூனா 9 நான்கு மாதம் முந்திவிட்டது. சென்டாரின் தாமதம் இல்லாமல் இருந்தால் முந்தியிருக்கலாம் என்று சிலர் சொல்வதுண்டு; சர்வேயரும் தன் பங்குக்குத் தாமதமாகத்தான் வந்தது, எனவே அதை ரொம்ப நம்ப வேண்டாம். மொத்தம் ஏழு சர்வேயர்களையும் சென்டார்தான் சுமந்தது. ஐந்து இறங்கின.

அப்பல்லோவுக்கு இதில் பங்கு உண்டா?

உண்டு. சாட்டர்ன் 1 ராக்கெட்டின் இரண்டாம் அடுக்கில் ஆறு ஆர்எல்10கள் இருந்தன. 1964 ஜனவரியில் பறந்தது. சாட்டர்ன் 5ன் மேலடுக்குகளில் இருந்த ஜே-2 வேறு நிறுவனத்தின் பெரிய எஞ்சின், ஆனால் அதுவும் ஹைட்ரஜன்தான்.

வாயேஜரை 3.4 விநாடியில் காப்பாற்றியதாகச் சொல்கிறார்களே?

1977 செப்டம்பர் 5, வாயேஜர் 1 டைட்டன் ராக்கெட்டின் மேல் சென்டாரோடு கிளம்பியது. டைட்டனின் இரண்டாம் அடுக்கு எரிபொருள் முழுவதையும் எரிக்காமல் முன்கூட்டியே அணைந்தது. வேகம் குறைவு. சென்டாரின் கணினி அதைக் கணக்கிட்டு, கூடுதல் நேரம் எரிந்து ஈடுகட்டியது. கடைசியில் மிச்சம் இருந்த எரிபொருள் 3.4 விநாடிக்கு மட்டும். இரண்டு வாரம் முன்பு கிளம்பிய வாயேஜர் 2க்கு இதே குறை வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் திக்கென்கிறது. அது கிளம்பியபோது வியாழன் இருந்த இடம் அவ்வளவு சாதகமாக இல்லை.

வைக்கிங், பயனியர் 10, 11, காசினி, நியூ ஹொரைசன்ஸ் எல்லாம் சென்டாரில் போனவைதான். தோல்விகளும் உண்டு: 1971 மே மாதம் மேரினர் 8 சென்டாரின் வழிநடத்தும் கருவியில் வந்த கோளாறால் கடலில் விழுந்தது. அதே மாதம் கிளம்பிய மேரினர் 9 செவ்வாயைச் சுற்றிய முதல் விண்கலம் ஆனது.

விண்வெளி ஓடத்துக்குள் சென்டாரை வைக்கத் திட்டம் இருந்ததா?

இருந்தது. 1986 மே மாதம் கலிலியோ, யுலிசிஸ் என்ற இரண்டு விண்கலங்களையும் அப்படித்தான் அனுப்புவதாக ஏற்பாடு. விண்வெளி வீரர்கள் உட்கார்ந்திருக்கும் வண்டியின் சரக்கறையில், மெல்லிய டேங்கில் திரவ ஹைட்ரஜன். வீரர்கள் அதற்கு வைத்த செல்லப்பெயர் டெத் ஸ்டார், அதாவது மரண நட்சத்திரம். அவசரமாகத் திரும்பித் தரையிறங்க வேண்டி வந்தால் அத்தனை எரிபொருளையும் வழியிலேயே கொட்ட வேண்டும். ஜனவரியில் சேலஞ்சர் ஓடம் வெடித்த பிறகு ஜூனில் திட்டத்தைக் கைவிட்டார்கள். சரியான முடிவு. கலிலியோதான் வலு குறைந்த வேறொரு மேலடுக்கோடு 1989ல் கிளம்பி, வெள்ளியையும் பூமியையும் சுற்றி வேகம் சேர்த்து 1995ல் வியாழனை அடைந்தது.

மற்ற நாடுகள் எப்போது இதைச் செய்தன? இந்தியா?

ஐரோப்பா 1979ல் ஆரியான் ராக்கெட்டில். சீனா 1984ல், ஜப்பான் 1986ல். சோவியத் நாடு 1987ல் எனர்ஜியா ராக்கெட்டில்.

சோவியத் கதையில் நமக்கு ஒரு தொடர்பு உண்டு. தங்கள் நிலவு ராக்கெட்டுக்காக 1960களில் ஒரு ஹைட்ரஜன் எஞ்சினை உருவாக்கினார்கள். அங்கே அது பறக்கவேயில்லை. அதன் வழிவந்த எஞ்சின் முதன்முதலில் பறந்தது 2001 ஏப்ரல் 18 அன்று, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஜிஎஸ்எல்வியில். இந்தியாவே செய்த கிரையோஜெனிக் எஞ்சின், அதாவது கடுங்குளிர் எரிபொருளில் ஓடும் எஞ்சின், 2010ல் முதல் முயற்சியில் தோற்று, 2014 ஜனவரி 5 அன்று வென்றது. அதைச் சோதித்துத் தேற்றிய இடம் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரி. ஆர்எல்10 போல இவை வேலை செய்வதில்லை. இவற்றில் டர்பைனைச் சுற்றத் தனியாக எரிக்கிறார்கள்.

சென்டார் இன்னும் பறக்கிறதா?

பறக்கிறது. 2024 ஜூனில் சுனிதா வில்லியம்ஸும் பட்ச் வில்மோரும் ஸ்டார்லைனர் விண்கலத்தில் போனபோது, அட்லஸ் 5ன் மேலே அவர்களைத் தள்ளிய அடுக்கு சென்டார்தான். சென்டாரில் மனிதர்கள் போனது அதுவே முதல் தடவை.

வல்கன் ராக்கெட்டுக்காகச் செய்த சென்டார் 5 இன்னும் பெரியது, விட்டம் 5.4 மீட்டர். டேங்க் இன்றும் அழுத்தத்தால் நிற்கும் மெல்லிய எஃகுதான். எஞ்சினும் ஆர்எல்10 வம்சம்தான். 2023 மார்ச்சில் மார்ஷல் மையத்தில் நடந்த சோதனையில் அதன் மேல் குமிழின் பற்றவைப்பருகே ஹைட்ரஜன் கசிந்து, சோதனை மேடைக்குள் தேங்கி வெடித்தது. குமிழை எஃகு வளையங்களால் பலப்படுத்தினார்கள். 2024 ஜனவரி 8 அன்று வல்கனின் முதல் பறப்பில் அது நிலவு நோக்கி ஒரு விண்கலத்தை ஒழுங்காக அனுப்பியது.